தங்கச்சி சொல்லிவிட்டாள், அம்மா கேட்கிறா, சட்டம் மாறிவிட்டதுதானே?

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மா, நான், தங்கச்சி. அப்பா இல்லை. தங்கச்சிக்கு 24 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த நேரம், தான் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லிவிட்டாள். அம்மா கத்தவில்லை, அழவும் இல்லை. உரலைக் கீழே வைத்துவிட்டு, "பொலிஸ் பிடிக்குமோ?" என்று மட்டும் கேட்டா. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான். காலையில் தேத்தண்ணீர் போடும்போது கேட்கிறா, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்கிறா.

2023இல் டிவி செய்தியில் "உயர் நீதிமன்றம் சரி என்று சொல்லிவிட்டது" என்று பார்த்த ஞாபகம் அம்மாவுக்கு இருக்கிறது. கீழ் வீட்டு அன்ரி, அது இந்தியாவில் நடந்தது என்கிறா. ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பா, அது ஆண்களுக்கான சட்டம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்கிறார். இந்த மூன்றில் எது சரி?

கடந்த பத்து வருடத்தில் இந்த விஷயத்தில் என்னென்ன நடந்தது என்று, அம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி யாராவது சொல்ல முடியுமா? ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் இதை அவ தமிழில்தான் யோசிக்கிறா, தமிழில்தான் பயப்படுகிறா.


மட்டக்களப்பு கவின் எழுதியது:

அக்கா, எனக்குத் தெரிந்தவரை சித்தப்பா சொன்னது சரி, சட்டம் ஆண்களுக்குத்தான். அதுவும் 2023இல் முடிந்துவிட்டது. அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தங்கச்சியோடு நில்லுங்கள்.


புதுக்கடை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கவின் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இரண்டும் பிழை. பிள்ளை, அம்மாவுக்குப் பிழையான ஆறுதல் சொல்லக் கூடாது. பிறகு உண்மை தெரியவந்தால் நீங்கள் சொல்லும் எதையும் அவ நம்பமாட்டா.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் முப்பது வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, தீர்ப்பு எல்லாம் என் மேசைக்கு வரும். 56 வயது. நானும் ஆண்களை விரும்பும் ஆண்தான். 19 வருடமாக ஒருவரோடு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்கு நேரான பதில்: சட்டம் மாறவில்லை. 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், எங்களைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவும், அதற்குப் பின்னால் வரும் 365அ பிரிவும் இந்த 2025இலும் இருக்கின்றன. முதலாவதற்குப் பத்து வருடம் வரை சிறை, இரண்டாவதற்கு இரண்டு வருடம் வரை.

இனிச் சித்தப்பாவின் கதை. அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். பாலியல் வன்முறைக்கு எதிராகப் பல நல்ல திருத்தங்கள் வந்த அதே சட்டத்தில் இதையும் தொட்டார்கள். நீக்குவதற்குப் பதிலாக ஒரு சொல்லை மட்டும் வெட்டினார்கள். தமிழில் சொன்னால், "ஆண்" என்று இருந்தது "ஆள்" என்று ஆயிற்று. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தால் இந்த நாட்டுப் பெண்களும் அந்தப் பிரிவுக்குள் போனார்கள். அப்போது எனக்கு 26 வயது, தொழிலுக்கு வந்த புதிது. அதை வாசித்துவிட்டு அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சித்தப்பா 1995க்கு முன்னமே நாட்டை விட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் தெரிந்துவைத்திருப்பது பழைய சட்டம்.

அன்ரியும் முழுக்கப் பிழை இல்லை. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி, அவர்களுடைய 377ஆம் பிரிவில், வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று ஐந்து நீதிபதிகள் ஒரே முடிவாகத் தீர்ப்புச் சொன்னார்கள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்தியப் பத்திரிகைகளில் மிகப் பெரிய நீதிமன்றம் "உச்ச நீதிமன்றம்", அதற்கு அடுத்தது "உயர் நீதிமன்றம்". எங்களுக்கு மிகப் பெரியதே "உயர் நீதிமன்றம்". சென்னைச் செய்தியும் கொழும்புச் செய்தியும் ஒரே ஃபோனில் வரும்போது யார்தான் குழம்பமாட்டார்கள்?

இந்தியாவில் நீதிமன்றம் செய்ததை இங்கே நீதிமன்றம் ஏன் செய்யவில்லை என்று அம்மா கேட்டால், இதைச் சொல்லுங்கள். எங்களுடைய 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. நிறைவேறிவிட்ட சட்டத்தை எங்கள் நீதிமன்றம் வெட்டிப் போட முடியாது. பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான், அது அரசியலமைப்புக்கு ஒத்து வருகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். 2023இல் நடந்தது அதுதான்.

அதற்கு முன் 2016க்குப் போக வேண்டும். என் மனதில் அந்தப் பத்து வருடம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வருடம் நவம்பர் கடைசியில், மருதானைப் பொலிஸ் தொடர்ந்த ஒரு பழைய வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஆண்கள், 365அ. குற்றத்தீர்ப்பை நீதிமன்றம் நீக்கவில்லை. சட்டம் இருக்கும்வரை குற்றம் குற்றம்தான் என்றது. ஆனால் சிறைத் தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பதை அரசு காவல் காக்கக் கூடாது என்பதுதான் இன்றைய சிந்தனை என்றும் எழுதி வைத்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தின் தீர்ப்பில் எங்களைப் பற்றி அருவருப்பில்லாத ஒரு பந்தியை நான் வாசித்தது அன்றுதான்.

அதே 2016இல், சத்தம் போடாமல் இன்னொன்றும் நடந்தது. சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை வெளியிட்டு, பாலின அங்கீகாரச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திருநங்கையரும் திருநம்பியரும் மருத்துவரிடம் அந்தச் சான்றிதழைப் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சுற்றறிக்கையை வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு பிள்ளை மேசைக்கு வந்தபோதுதான் விளங்கியது. கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே பழைய சான்றிதழும் புதிய சான்றிதழும். இரண்டும் தமிழ். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத்தில் வேண்டுமாம். புதியதை மட்டும் தந்துவிட்டுப் பழையதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் "பால்" என்ற இடத்துக்கு வந்ததும் அவள் என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெண்" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்தேன். அவள் முத்திரையில் மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "அங்கிள், இனி அடையாள அட்டை இலக்கமும் மாறுமா?"

அந்தக் கேள்வியின் கனம் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்கள் இருக்கின்றனவே, பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். வங்கி, சிம் கார்டு, வேலை விண்ணப்பம், எங்கே அந்த இலக்கத்தை எழுதினாலும் நீங்கள் ஆணா பெண்ணா என்று அது சொல்லிவிடும். அவளுக்கு அந்த 500 வேண்டும்.

சரி, மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் மனித உரிமைச் செயற்திட்டத்தில், எங்கள் உறவைக் குற்றமில்லை என்றாக்குவதைச் சேர்க்கும் யோசனை அமைச்சரவைக்குப் போய் நிராகரிக்கப்பட்டது. அதே வருடம் நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. மனித உரிமைக் கூட்டத்தில், அரசாங்கத்தின் சார்பில் போனவர் சட்டத்தை மாற்றுவோம் என்றார். 2018 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மேடையில் எதிராளிகளை "வண்ணத்துப்பூச்சி" என்றார். சிங்களத்தில் அது எங்களை இழிவாகச் சொல்லும் சொல். இளம் பிள்ளைகள் முகத்தை மறைக்காமல் எதிர்ப்புக் காட்டினார்கள். என் 26 வயதில் அதை நினைத்தும் பார்த்திருக்கமாட்டேன்.

பெண்களுக்கு முக்கியமானது 2022இல் வந்தது. இங்கே 2004இல், எங்கள் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் ஈகுவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கிய ரொசானா ஃப்ளேமர்-கல்தேரா, பெண்களையும் குற்றவாளியாக்கும் அந்த 365அ பிரிவைப் பற்றி ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கான குழுவிடம் முறையிட்டிருந்தார். அந்தப் பிரிவு அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று அந்தக் குழு முடிவு சொன்னது. பெண்ணைப் பெண் விரும்புவதைக் குற்றமாக்கும் சட்டத்தைப் பற்றி அந்தக் குழு சொன்ன முதல் முடிவு அது. கொழும்பிலிருந்து போன வழக்கு, பிள்ளை. தங்கச்சிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்த வருடம் ஜூன் 25. காலிமுகத்திடலில், ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொன்ன கோட்டாகோகம போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். பெற்றோல் இல்லை, பஸ்ஸும் சரியாக இல்லை. நானும் அவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போனோம். வானவில் கொடிகளோடு ஊர்வலம் வந்தது. அதுவரை பலமுறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அன்று இறங்கி நடந்தேன். எனக்கு முன்னால் போன பிள்ளையின் கையில் ஒரு மட்டை. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, மார்க்கரால் தமிழில் எழுதியிருந்தாள்: "நாங்களும் உங்கட பிள்ளைகள்தான்". மழைத் தூறலில் "பிள்ளைகள்" கொஞ்சம் கரைந்திருந்தது.

அப்புறம் அம்மா டிவியில் பார்த்தது. 2022 ஓகஸ்டில் பிரேம்நாத் தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர், அந்தப் பிரிவுகளை மாற்றத் தனியார் உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2023இல் அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். ஆதரித்தும் பலர் இடையீட்டு மனுப் போட்டார்கள். மே 9ஆம் திகதி சபாநாயகர் நீதிமன்றத்தின் முடிவைச் சபையில் அறிவித்தார்: சட்டமூலம் அரசியலமைப்போடு முரண்படவில்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும். வயது வந்தவர்களின் சம்மத உறவைக் குற்றமில்லை என்றாக்குவது மனித கண்ணியத்தையே வளர்க்கும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அம்மா பார்த்த செய்தி உண்மைதான். ஆனால் நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது, பாராளுமன்றம் உள்ளே போகவில்லை. வாக்கெடுப்பே நடக்காமல் 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் அதோடு போனது.

"பொலிஸ் பிடிக்குமோ" என்பதற்கு வருகிறேன். வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பெண்களைத் தேடிப் பொலிஸ் வந்து வழக்குப் போட்டதை இந்த முப்பது வருடத்தில் புதுக்கடையில் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவைச் சொல்லி வெருட்டுவது உண்டு. 1998இல் ஒரு சோதனைச் சாவடியில் என்னையும் ஒரு நண்பரையும் இறக்கினார்கள். இரண்டு தமிழ்ப் பெடியன்கள், இரவு, ஒரே லொட்ஜ் விலாசத்தில் பொலிஸ் பதிவு. முதலில் புலியா என்று கேட்டார்கள். பிறகு ஒருவன் பதிவுத் துண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு மற்றக் கேள்வியைக் கேட்டான். என் கைக்கடிகாரம் அன்று அவன் கைக்குப் போனது. முறைப்பாடு செய்ய எங்கே போவது? எந்த வாயால் என்ன சொல்வது? சட்டம் வழக்காக வராவிட்டாலும் இப்படி வரும். வீட்டுக்காரர் எழும்பச் சொல்லலாம், யாராவது காசு கேட்டு மிரட்டலாம். அதனால்தான் இது போக வேண்டும் என்கிறோம். தங்கச்சியை யாராவது வெருட்டினால் தனியாகப் பொலிஸுக்குப் போக விடாதீர்கள், சட்டத்தரணி ஒருவரோடு போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். 1998இல் எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.


மட்டக்களப்பு கவின் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். ஆண், ஆள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் இதைப் பல பேருக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்திச் சொல்கிறேன்.


மதுரைக்காரி எழுதியது:

அக்கா, எங்க ஊர்க் கதை ஒன்று அம்மாவுக்கு உதவலாம். 2021இல் மதுரையைச் சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து வாழணும்னு சென்னைக்குப் போயிட்டாங்க. ரெண்டு வீட்டிலும் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். (ஐயா சொன்ன மாதிரி, எங்களுக்கு இது ரெண்டாவது பெரிய நீதிமன்றம்.)

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? பெற்றோரையும் பெண்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். பிறகு, இந்த விஷயத்தில் எனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்புறம்தான் ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். சிகிச்சை செய்து "மாற்றுகிறேன்" என்று யாரும் கிளம்பக் கூடாது என்றார், போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். தமிழில் மரியாதையான சொற்கள் வேண்டும் என்று அதே வழக்கில் தொடர்ந்து கேட்டதால், 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. என் அப்பாவிடம் நான் பேசியபோது அந்தச் சொற்கள்தான் எனக்குக் கை கொடுத்தன. அதுவரை எங்கள் வீட்டில் இருந்த சொல்லெல்லாம் வசவுதான்.

ஒரு நீதிபதியே போய்க் கற்றுக்கொண்டார் என்றால் அம்மாவுக்கு ஒரு மாதம் போதுமா? நேரம் கொடுங்க அக்கா.


தெஹிவளை அம்மா எழுதியது:

மகள், நான் வழமையாக எழுதுவதில்லை, வாசிப்பதுதான். என் மகன் சொல்லி ஆறு வருடம். எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. அவனுடைய ஆள் வீட்டுக்கு வந்தால் முதலில் தேத்தண்ணீர் மட்டும் கொடுப்பேன், பேசமாட்டேன். ஒரு நாள் நல்ல மழை. பஸ் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். அவன் தட்டைத் தானே கழுவி வைத்தான். பிறகு என் மகனை விட அவன்தான் எனக்கு மருந்து எடுத்துத் தருகிறவன்.

உங்கள் அம்மா பொலிஸ் பிடிக்குமோ என்று கேட்டது, பிள்ளையைப் பற்றின பயம். ஊர் என்ன சொல்லும் என்று நான் கேட்டேன். உங்கள் அம்மா என்னை விட நல்லவ.


வெள்ளவத்தை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். தங்கச்சியும் இருந்தாள். ஆண், ஆள் என்ற இடத்தில் அம்மா நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னா. சோதனைச் சாவடிக் கதையில் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தா. எங்களுடைய மாமா ஒருவரையும் அந்தக் காலத்தில் அப்படி இறக்கியிருக்கிறார்கள்.

ஒரு கேள்வி, ஐயா. அம்மா கேட்கிறா: "பிள்ளைகளுக்கு இவ்வளவு நடந்திருக்கு. அம்மாமாரைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையா?"


புதுக்கடை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சொல்லியிருக்கிறார்கள். எழுதும்போது நான் அதை விட்டுவிட்டேன், என் பிழை.

2018 இந்தியத் தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் ஒருவர் இந்து மல்ஹோத்ரா. அவர் எழுதிய ஒரு வசனத்தை அன்று மாலையே கடையைப் பூட்டிவிட்டுத் தமிழாக்கினேன். யாரும் கேட்கவில்லை, முத்திரையும் குத்தவில்லை. எனக்காகச் செய்தேன். தாமதமாகக் கிடைத்த நீதிக்காகவும், நூற்றாண்டுகளாகப் பட்ட அவமானத்துக்கும் ஒதுக்கலுக்கும், இந்தச் சமூகத்தினரிடமும் அவர்களுடைய குடும்பத்தினரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது. இதுதான் அதன் சாரம்.

"குடும்பத்தினரிடமும்" என்ற சொல்லை ஒருக்கால் அம்மாவுக்கு நிறுத்தி வாசியுங்கள். என் அம்மா 2011இல் போய்விட்டா. ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் கலியாணம் எப்போது என்று சொந்தக்காரர் கேட்க, எனக்காகப் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்தவ. அவவுக்கு இதை வாசித்துக் காட்ட எனக்குக் கிடைக்கவில்லை.


வெள்ளவத்தை அக்கா எழுதியது:

வாசித்தேன், ஐயா. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தா. எழுத்துச் சின்னன், பெரிதாக பிரிண்ட் எடுத்துத் தா என்கிறா. நாளைக்கு ஒஃபிஸில் எடுக்கிறேன்.

இன்னொன்று. இன்றைக்குக் காலையில் பொலிஸ் கேள்வி வரவில்லை. அந்தப் பிள்ளை சைவமா மச்சமா என்று தங்கச்சியிடம் கேட்டா.